மெக்டொனால்ட்ஸை விட அதிகக் கடைகள்: மிக்ஸ்யூவின் கணக்கை எப்படிப் படிப்பது?

நூல்கண்டு எழுதியது:

கொஞ்ச நாளாக பபிள் டீ (மரவள்ளி மாவு முத்துகள் போட்ட பால் தேநீர்) கடைச் சங்கிலிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிக்ஸ்யூ என்ற சீன நிறுவனம் 2025 மார்ச்சில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது எந்தச் செய்தியைத் திறந்தாலும் ஒரே பாட்டுதான்: 45,000 கடைகளுக்கு மேல், மெக்டொனால்ட்ஸையும் ஸ்டார்பக்ஸையும் எண்ணிக்கையில் தாண்டிவிட்டது. முதல் நாளிலேயே பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

2025 ஜூன் இறுதிக் கணக்கைப் பார்த்தால் மொத்தம் 53,014 கடைகள். ஆனால் சீனப் பெருநிலத்துக்கு வெளியே மட்டும், ஆறு மாதத்துக்கு முன் 4,895 ஆக இருந்தது 4,733 ஆகக் குறைந்திருக்கிறது. உள்ளே கடை மேல் கடை திறக்கிறார்கள், வெளியே மூடுகிறார்கள். இதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்வதா? இன்னொன்று, கடைகளை எண்ணி ஒரு டீக்கடைச் சங்கிலி நன்றாக ஓடுகிறதா என்று சொல்லவே முடியுமா? பங்கு வாங்கும் யோசனையெல்லாம் இல்லை. கணக்கு புரிந்தால் போதும்.

பேரேடு எழுதியது:

முதலில் அந்த மெக்டொனால்ட்ஸ் ஒப்பீட்டை ஓரமாக வையுங்கள். 2024-இல் மிக்ஸ்யூவின் வருவாய் சுமார் 2,480 கோடி யுவான், அதாவது 340 கோடி டாலர் சொச்சம். மெக்டொனால்ட்ஸ் அதே ஆண்டில் காட்டியது ஏறக்குறைய 2,590 கோடி டாலர். கடைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், பணமோ ஏழில் ஒரு பங்குக்கும் கீழே. சீனாவில் 2 யுவானுக்குக் கோன் ஐஸ்கிரீமும் 4 யுவானுக்கு எலுமிச்சைச் சாறும் விற்றுப் பேர் வாங்கிய கடை அது. வேறு எப்படி இருக்கும்?

ஆனால் இலாபத்தைப் பாருங்கள். அதே 2024-இல் சுமார் 445 கோடி யுவான். இவ்வளவு மலிவாக விற்று இவ்வளவு இலாபம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிக்ஸ்யூவின் கடைகளில் 99 சதவீதம் அவர்களுடையது இல்லை, அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் (ஃபிரான்சைஸ்) எடுத்து நடத்துகிறவர்களுடையது. கம்பெனிக்கு வரும் பணத்தில் சுமார் 97 சதவீதம், அந்தக் கடைக்காரர்களுக்குப் பால் பவுடர், சர்க்கரைப் பாகு, தேயிலை, கோப்பை, இயந்திரம் என்று விற்று வருவது. உரிமக் கட்டணம் சொற்பம். ஆக மிக்ஸ்யூ என்பது ஒரு பெரிய உணவுப்பொருள் தொழிற்சாலை, அந்த 53,000 சில்லறைக் கடைகள்தான் அதன் வாடிக்கையாளர்கள். கோப்பையைக் கையில் பிடித்து உறிஞ்சுகிறவர் அவர்களுக்கு வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்தான்.

அதனால் புதிதாக ஒரு கடை திறந்தால் கம்பெனிக்கு நேரடி ஆதாயம். பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இருக்கும் கடைக்கு அது ஆதாயமா என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை அதற்குப் பதில் சொல்லாது. மூடிய கடைகள் எத்தனை, ஒரு கடை சராசரியாக எவ்வளவு சரக்கு எடுக்கிறது, இந்த இரண்டையும் தேடிப் படியுங்கள்.

பரவிய விதத்துக்கும் காரணம் இதுதான். 1997-இல் ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோ நகரில் ஜாங் ஹொங்ச்சாவ் ஒரு சின்ன ஐஸ் கடையாக ஆரம்பித்தது. ஷாங்காய், பெய்ஜிங் பக்கம் முதலில் போகவில்லை. உள்நாட்டுச் சிறு நகரங்கள், கல்லூரி வாசல்கள், குறைந்த வாடகை. இன்றும் பாதிக்கு மேற்பட்ட சீனக் கடைகள் மூன்றாம் அடுக்கு நகரங்களிலும் (பெருநகரங்களுக்கு அடுத்தடுத்த நிலையில் வரும் சிறிய நகரங்கள்) அதற்குக் கீழேயும்தான். எலுமிச்சையை சிச்சுவானின் ஆன்யுவே வட்டாரத்தில் மொத்தமாக எடுக்கிறார்கள், பாகும் பவுடரும் சொந்த ஆலையில் ஆகின்றன. அதனால்தான் 4 யுவான் கட்டுப்படியாகிறது.

இனி வெளிநாடு. 2018-இல் ஹனோயில் முதல் கடை, 2020-இல் இந்தோனேசியா. சந்தைக்கு வரும் சமயத்தில் இந்தோனேசியாவில் 2,600-க்கு மேல், வியட்நாமில் 1,300 அளவு. வெளிநாட்டுக் கணக்கில் பெரும்பகுதி இந்த இரண்டு நாடுகள்தான். இந்தோனேசியாவில் எந்தக் கட்டடம் காலியானாலும் மறுநாள் அங்கே மிக்ஸ்யூ முளைக்கும் என்று இணையத்தில் கேலி செய்தார்கள். காலிக் கடைகளைக் குறித்து வைக்கும் வானதூதர் என்றே பட்டம் கொடுத்தார்கள்! அந்த வேகத்தில் திறந்தால் ஒன்றை ஒன்று தின்னத்தானே செய்யும். அந்த இரு நாடுகளிலும் இருக்கிற கடைகளைச் சீரமைத்ததுதான் குறைவுக்குக் காரணம் என்று கம்பெனியும் சொல்கிறது. நான் அதை நம்புகிறேன். நெருக்கமாக நட்ட நாற்றைக் களைந்து விடுகிற வேலை. கவலைப்பட வேண்டிய எண் அது இல்லை.

எனக்கு இடிக்கிற எண் சீனாவுக்குள்தான் இருக்கிறது. 2025 முதல் பாதியில் வருவாய் 39 சதவீதம் ஏறியது. அதே நேரத்தில்தான் சீனாவில் உணவு டெலிவரி செயலிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுத் தள்ளுபடியை வாரி இறைத்தன. அதில் அதிகம் விற்ற பொருள்களில் டீயும் ஒன்று. அந்த மானியம் நின்ற பிறகு வரும் கணக்கைத்தான் நான் மதிப்பேன்.

சீலிங்மெஷின் எழுதியது:

பேரேடு அண்ணா சொன்னதற்குக் கவுன்டருக்கு உள்ளே இருந்து ஒரு வார்த்தை. நான் மலேசியாவில் ஒரு பபிள் டீ கடையில் வேலை பார்த்தவள். எந்தச் சங்கிலி என்று கேட்காதீர்கள்.

முத்து வேகவைப்பது பெரிய இம்சை. அரை மணி நேரம் கொதிக்க வேண்டும், அப்புறம் மூடி வைத்து அரை மணி நேரம் ஊற வேண்டும், பிறகு அலசிப் பாகில் போட வேண்டும். நாலு மணி நேரம் தாண்டினால் உள்ளே கெட்டியாகி ரப்பர் மாதிரி ஆகிவிடும், கொட்டிவிட வேண்டியதுதான். மழை நாளில் மூன்று மணிக்கு ஒரு பானை வேகவைத்து, ஏழு மணிக்கு முக்கால் பானையைக் கொட்டியிருக்கிறேன். அந்த நட்டம் கடைக்காரருக்கு. சரக்கு விற்ற கம்பெனிக்கு இல்லை! எலுமிச்சைச் சாறில் இந்தத் தொல்லையே கிடையாது: துண்டு, ஐஸ், நாலு குத்து, பாகு, தண்ணீர், மூடியை ஒட்டிக் கொடுத்தால் முடிந்தது. மிக்ஸ்யூ அதையும் ஐஸ்கிரீமையும் முன்னால் வைத்து விற்பதில் சூட்சுமம் இருக்கிறது.

எங்கள் கடை நன்றாகத்தான் ஓடியது. அதே பெயரில் அடுத்த பேரங்காடியில் இன்னொன்று திறந்தார்கள். மாலை நேர ஆர்டர் சீட்டு நீளம் பாதியானது. தலைமையகத்துக்கு இரண்டு கடை, எங்கள் முதலாளிக்கு அரைக் கடை.

மலேசியா என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தைவானின் சாடைம் என்ற பபிள் டீ சங்கிலி இங்கே ஒரே ஒரு நிறுவனத்திடம் நாட்டு உரிமத்தை மொத்தமாகக் கொடுத்திருந்தது. 2017 ஜனவரியில் ஒப்பந்தத்தை முறித்தார்கள். அடுத்த மாதமே அந்த நிறுவனம் 165 கடைகளில் 161-ஐ டீலைவ் என்று பெயர் மாற்றிவிட்டது. வழக்கெல்லாம் நடந்து 2018-இல்தான் சமாதானம். வரைபடத்தில் 165 புள்ளி வைத்திருந்தவர்களுக்கு ஒரே மாதத்தில் நாலு!

வரைபடம் எழுதியது:

நல்ல திரி. பரப்பளவைப் பற்றிப் பேசும்போது குமிங் என்ற இன்னொரு சீன டீக்கடைச் சங்கிலியை விட்டுவிடக் கூடாது. 2010-இல் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு சிறு ஊரில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் ஹாங்காங் சந்தைக்கு வந்தவர்கள். 2024 இறுதியில் 10,000-க்குச் சற்றுக் குறைவான கடைகள். ஒரு மாகாணத்தில் 500 கடையைத் தொட்டால்தான் அங்கே வேரூன்றியதாக அவர்கள் கணக்கு. நாலில் மூன்று பங்குக் கடைகள் ஏதாவது ஒரு கிடங்கிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை குளிர்சாதன லாரி பழமும் பாலும் கொண்டுவந்து இறக்கும். பவுடரை நம்பாமல் பழம் விற்பவனுக்கு லாரி தூரம்தான் எல்லை.

இதற்கு நேர் எதிர் நயுக்கி என்ற சீனச் சங்கிலி. சொந்தக் கடைகள், பெரிய இடம், பெரிய வாடகை, பெருநகரங்கள். 2021 ஜூனில் 19.80 ஹாங்காங் டாலருக்குப் பங்கு விற்றார்கள், 2025-இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 2023-இல் அவர்களும் உரிமம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நேரம் கடந்துவிட்டது என்பது என் எண்ணம்.

நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேரேடு சார், ஒரு சந்தேகம். கடைக்காரர் நட்டப்பட்டால் சரக்கு எடுப்பதும் குறையும். அப்போது கம்பெனியும் அடிபடாதா?

பேரேடு எழுதியது:

கட்டாயம் அடிபடும், ஆனால் தாமதமாக. மூடுகிறவர் இடத்தில் புதிதாக ஒருவர் முன்பணத்தோடு வந்து இயந்திரம் வாங்கும் வரை அறிக்கையில் எதுவும் தெரியாது. வருகிறவர்கள் குறையும்போதுதான் தெரியும். அதனால்தான் திறந்தவை, மூடியவை இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்கிறேன். நிகர எண்ணிக்கை மட்டும் போட்டிருக்கும் பக்கத்தைத் தாண்டிக் குறிப்புகளுக்குப் போங்கள், அங்கே இருக்கும்.