பி35 போர்டில் ஓவர்க்ளாக் பண்ண எந்த டூயல் கோர் வாங்கலாம்? இ5200-ஆ, இ8400-ஆ?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எக்ஸ்பி காலத்து கேம் ஆடறதுக்குன்னே ஒரு பழைய பிசியைத் தயார் பண்றேன். கிகாபைட் பி35-டிஎஸ்3எல் போர்டு, டிடிஆர்2-800 ராம் 2 ஜிபி ரெண்டு, பென்டியம் இ2160 ப்ராசஸர். செகண்ட் ஹேண்டில் இ5200, இ8400 ரெண்டுமே கிடைக்குது. இ5200 விலை ரொம்பக் கம்மி, மல்டிப்ளையரும் 12.5. இ8400-க்கு 9 தான். ஓவர்க்ளாக்னா, அதாவது ப்ராசஸரை அதோட இயல்பான வேகத்துக்கு மேல ஓட்டறதுன்னா, மல்டிப்ளையர் அதிகமா இருக்கறதுதானே நல்லது? குவாட் கோர் வேண்டாம். நான் ஆடற கேம் எதுவும் ரெண்டு கோருக்கு மேல பயன்படுத்தாது.

சில்லு:
நண்பரே, மல்டிப்ளையரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. போர்டு எவ்வளவு எஃப்எஸ்பி (ப்ராசஸரையும் போர்டையும் இணைக்கற பாதையோட க்ளாக், இதை மல்டிப்ளையரால பெருக்கினா ப்ராசஸர் வேகம்) தாங்கும்னு முதல்ல பார்க்கணும்.

இ5200-ன் கணக்கு 200 × 12.5, அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். எஃப்எஸ்பியை 266 ஆக்கினாலே 3.33 வந்துடும். ஜி31 மாதிரி மலிவு போர்டு வெச்சிருந்தவங்க அதைத் தேடித் தேடி வாங்கினது அதனாலதான். உங்க போர்டு அந்த ரகம் இல்லை. நல்ல நிலையில இருக்கற பி35 போர்டு 400 எஃப்எஸ்பியைச் சர்வ சாதாரணமா ஓட்டும். இ8400-க்கு 400 × 9 = 3.6 கிகாஹெர்ட்ஸ். டிடிஆர்2-800 ராமோட அசல் க்ளாக்கும் அதே 400 தான். ப்ராசஸர் தன்னோட இயல்பான 3.0-ஐ விட 20 சதவீதம் மேல போகும், ராம் தன்னோட வேகத்துலயே இருக்கும். இவ்வளவு கச்சிதமான பொருத்தம் அந்தத் தலைமுறையில வேற எதுலயும் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அடுத்தது கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கற வேகமான மெமரி. இ8400-ல் எல்2 கேச் 6 எம்பி, இ5200-ல் 2 எம்பி. கோர் 2-வில் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ள இல்லை, போர்டில் இருக்கற நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருக்கு. கேச்சில் கிடைக்காத ஒவ்வொரு தகவலுக்கும் எஃப்எஸ்பியைத் தாண்டிப் போய்த்தான் வரணும். அதனால ரெண்டும் ஒரே வேகத்துல ஓடினாலும் கேமில் இ8400 முந்தும். கையைக் கடிக்கலைன்னா இ8400-ஐயே எடுங்க.

பழைய_இரும்பு:
ஓவர்க்ளாக்குக்குன்னு டூயல் கோர் தேடறவர் பென்டியம் ஜி3258-ஐ விடலாமா? பென்டியம் பேருக்கு 20 வருஷம் ஆனதை ஒட்டி 2014-ல் இன்டெல் விட்ட சிப். 3.2 கிகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் பூட்டே கிடையாது. எஃப்எஸ்பி தலைவலி இல்லாம 4.2-க்கு மேல போகலாம்.

சில்லு:
அருமையான சிப், மறுக்கலை அண்ணா. ஆனா அதுக்கு எல்ஜிஏ1150 போர்டு, டிடிஆர்3 ராம் எல்லாம் புதுசா வேணும். எக்ஸ்பிக்கு டிரைவர் கிடைக்கறதும் பெரும்பாடு. இவர் கையில பி35 இருக்கு, அதை ஓட்டறதுதான் நியாயம்.

வைகைக்கரை, வாங்கறப்போ ப்ராசஸர் மேல பொறிச்சிருக்கற எழுத்தைப் பாருங்க. எஸ்எல்பி9ஜே-ன்னா இ0 ஸ்டெப்பிங் (அதே சிப்போட திருத்தப் பதிப்பு), எஸ்எல்ஏபிஎல்-ன்னா சி0. இ0 கிடைச்சா விடாதீங்க, பொதுவா குறைஞ்ச வோல்டேஜிலேயே மேல ஏறும். சி0-வில் சிலதுக்கு வெப்ப சென்சார் ஒரே எண்ணில் சிக்கி நிக்கும், சூடு சரியாத் தெரியாது. இன்னொண்ணு, இ2160 போர்டில் இருக்கறப்பவே பயாஸை (போர்டோட அடிப்படை மென்பொருள்) கடைசி வெர்ஷனுக்கு மாத்திடுங்க. பழைய பயாஸ் இ0 சிப்பை அடையாளம் கண்டுக்காம போகலாம்.

வைகைக்கரை:
எஸ்எல்பி9ஜே கிடைச்சுது, மாட்டியாச்சு. இயல்பான எஃப்எஸ்பி 333-ல் பிரமாதமா ஓடுது. எஃப்எஸ்பியை 400 ஆக்கினா விண்டோஸ் லோகோ வரும்போதே ரீஸ்டார்ட் ஆகுது. வோல்டேஜ் 1.30 வரைக்கும் ஏத்திப் பார்த்தேன், அதே கதைதான். இன்னும் ஏத்தலாமா?

சில்லு:
வேண்டாம், வோல்டேஜை ஏத்தாதீங்க. 45 நானோமீட்டர் சிப்புக்கு இன்டெல் சொல்ற விஐடி (சிப் தனக்கு வேணும்னு கேக்கற வோல்டேஜ்) உச்சமே 1.3625 தான். 65 நானோமீட்டர் காலத்துல 1.5 வரைக்கும் போன பழக்கம் இதுக்கு ஆகாது. பயாஸில் சிஸ்டம் மெமரி மல்டிப்ளையர் எவ்வளவுன்னு சொல்லுங்க.

வைகைக்கரை:
ஆட்டோவில் இருக்கு. பக்கத்துல 960-ன்னு காட்டுது.

சில்லு:
அதுதான் கோளாறு. 333-ல் ராமை 800-ல் ஓட்ட போர்டு 2.4-ஐ எடுத்துக்கும். எஃப்எஸ்பியை 400 ஆக்கினதும் அதே 2.4, ராமை 960-க்கு இழுத்துட்டுப் போகுது. பாவம், 800 ராம் அதைத் தாங்குமா? மல்டிப்ளையரைக் கையால 2.0 வெச்சுடுங்க, 800 வந்துடும். பிசிஐ எக்ஸ்பிரஸையும் ஆட்டோவில் விடாம 100-ல் பூட்டுங்க. ராம் டைமிங் மெனு கண்ணுல படலைன்னா, பயாஸ் முதல் பக்கத்துல கன்ட்ரோல்-எஃப்1 அழுத்துங்க, மறைஞ்சிருக்கறது வெளியே வரும். ப்ராசஸர் வோல்டேஜை 1.275-க்கு இறக்கி ஆரம்பிங்க.

வைகைக்கரை:
சில்லு அண்ணா, ரொம்ப நன்றி! 3.6-ல் ராத்திரி பூரா பிரைம்95 சோதனை மென்பொருள் ஓடியிருக்கு, ஒரு எர்ரர் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். பயாஸில் 1.275 வெச்சிருக்கேன், லோடு ஏறினதும் ப்ராசஸர் விவரம் காட்டற சிபியு-இசட் மென்பொருளில் 1.23 காட்டுது. பவர் சப்ளை கோளாறா?

சில்லு:
இல்லை, அது போர்டோட இயல்பு. லோடு ஏறினா வோல்டேஜ் கொஞ்சம் இறங்கற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க. 1.23-லேயே நிக்குதுன்னா நல்ல சிப் மாட்டியிருக்கு உங்களுக்கு. கூட வர்ற ஹீட்சிங்க்கையே போட்டிருந்தா நாலு பின்னும் போர்டுக்குப் பின்பக்கம் முழுசா வெளியே வந்திருக்கான்னு ஒரு தடவை பாருங்க. ஒண்ணு அரைகுறையா நின்னாலும் ஒரு பக்கம் தூக்கிக்கும், சூடு ஏறிடும்.