ஆயுத விற்பனையைக் கணக்கெழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

நெடுவழி:
ஆயுதத்தை யாருக்கு விற்கலாம், கூடாது என்று விதி வைத்து, விற்றதை வருடா வருடம் அறிக்கையாகக் கேட்கும் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 154 நாடுகள், எதிர்ப்பு ஈரான், வடகொரியா, சிரியா மூன்று மட்டும். அன்றைக்கு நானும் நம்பினேன். இப்போது கேட்கிறேன், அது எந்தப் போரை நிறுத்தியது? அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, செனட் ஒப்புதல் தரவே இல்லை, 2019-இல் டிரம்ப் அந்தக் கையெழுத்தையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டார். ரஷ்யாவும் இந்தியாவும் சேரவே இல்லை. ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020-24 காலத்தில் உலகில் ஏற்றுமதியான பெரிய ரக ஆயுதங்களில் 43 சதவீதம் அமெரிக்காவுடையது. பெரிய வியாபாரியே வெளியே நிற்கும்போது உள்ளே இருப்பவர்கள் வருடா வருடம் படிவம் நிரப்பி என்ன ஆகப்போகிறது?

உரைகல்:
போரை நிறுத்துவது அந்த ஒப்பந்தத்தின் வேலை இல்லை நண்பரே. விற்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குவதுதான் அதன் வேலை. இனப்படுகொலைக்கோ பொதுமக்கள் மீதான தாக்குதலுக்கோ பயன்படும் என்று தெரிந்தால் விற்கவே கூடாது என்கிறது 6-ஆவது பிரிவு. அவ்வளவு உறுதியாகத் தெரியாவிட்டாலும் ஆபத்தை எடைபோட்டுப் பார், பெரிதாக இருந்தால் உரிமம் தராதே என்கிறது 7-ஆவது. இது வெறும் காகிதம் என்கிறீர்கள். 2019 ஜூனில் பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏமன் போரில் குண்டு வீசிக்கொண்டிருந்த சவூதிக்கு ஆயுத உரிமம் கொடுத்ததில், முந்தைய தாக்குதல்கள் சட்டத்தை மீறினவா என்று அரசு ஆராயவே இல்லை, அது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தனக்குத்தானே எழுதி வைத்திருந்த ஏற்றுமதி விதியை வைத்துத்தான் குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்கை நடத்தியது. விதி எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நீதிபதியிடம் எதைக் காட்டியிருப்பார்கள்?

நெடுவழி:
மீதியையும் சொல்லுங்கள். 2020 ஜூலையில் அதே அரசு, நடந்தவை தனித்தனிச் சம்பவங்கள்தான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வருடம் தாமதம், அவ்வளவுதான் கிடைத்தது.

உரைகல்:
அந்த ஒரு வருடம் புதிய உரிமங்கள் நின்றதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கடலோடி:
இரண்டு பேரும் அரசையும் நீதிமன்றத்தையும் மட்டும் பேசுகிறீர்கள். 2008 ஏப்ரலில் ஆன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் ஜிம்பாப்வேக்கான தோட்டாக்கள், ராக்கெட் குண்டுகள், மோர்ட்டார்களோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. ஜிம்பாப்வேயில் தேர்தல் முடிந்து முடிவை அறிவிக்காமல் வைத்திருந்த நேரம். தென்னாப்பிரிக்க அரசு தன் நாட்டு வழியாகக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டது. துறைமுகத் தொழிலாளர்கள்தான் சரக்கை இறக்க மாட்டோம் என்று நின்றார்கள், இன்னொரு பக்கம் நீதிமன்றத் தடையும் வந்தது, கப்பல் சரக்கை இறக்காமலே டர்பனை விட்டுக் கிளம்பியது. கப்பலில் என்ன இருக்கிறது என்று ஆவணம் வெளியே வந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், மறுக்கத் துணிந்தவர்கள் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருப்பார்கள்.

நடுப்பகல்:
எனக்கு வேறு பயம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. ஆயுதம் போகாமல் தடுத்தாலே நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1991 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் யுகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை போட்டது. செர்பியப் படைகளுக்குப் பழைய யுகோஸ்லாவிய ராணுவத்தின் டாங்கிகளும் பீரங்கிகளும் கைக்கு வந்தன, போஸ்னிய அரசிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தடை இருவருக்கும் ஒன்றுதான். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் செர்பியப் படைகளால் 8,000 பேருக்கு அருகில் கொல்லப்பட்டார்கள். அந்தத் தடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தாக்கப்படுகிறவனுக்கு ஆயுதம் வாங்கும் உரிமை உண்டு, உக்ரைனைப் பார்த்துவிட்டும் இதை மறந்து பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

உரைகல்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லோருக்கும் ஒரே தடை என்பதும், வாங்குகிறவன் யார், எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் ஒன்றல்ல. தற்காப்பு உரிமையை அந்த ஒப்பந்தம் முன்னுரையிலேயே ஏற்றுக்கொள்கிறது. உக்ரைனுக்குக் கொடுத்த நாடுகளில் பல இதில் உறுப்பினர்கள்தான்.

நெடுவழி:
சரி, கொள்கையை விடுங்கள், கணக்கு உண்மையா என்று பார்ப்போம். வளைகுடாப் போருக்குப் பிறகு, ஈராக்கின் சதாமுக்கு இவ்வளவு ஆயுதத்தை யார் யார் விற்றோம் என்று உலகமே திகைத்துப்போய், 1991 கடைசியில் ஐ.நா. ஒரு பதிவேடு தொடங்கியது. டாங்கி, கவச வாகனம், பெரிய பீரங்கி, போர் விமானம், தாக்குதல் ஹெலிகாப்டர், போர்க்கப்பல், ஏவுகணை என ஏழு வகை. துப்பாக்கி அதில் இல்லை, பிறகு விருப்பப்பட்டவர்கள் சொல்லலாம் என்று சேர்த்தார்கள். இருபது வருடங்களுக்கு முன்பு நூறு நாடுகளுக்கு மேல் தகவல் அனுப்பின, இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயுத வர்த்தக ஒப்பந்தத்திலும் அப்படித்தான், அறிக்கையை மற்ற உறுப்பு நாடுகள் மட்டும் பார்க்கட்டும் என்று பூட்டி வைக்கும் நாடுகள் கூடிக்கொண்டே போகின்றன. சிப்ரியும் பெரிய ஆயுதங்களைத்தான் கணக்கெடுக்கிறது. ஒரு கிராமத்தையே காலி செய்யும் ரைஃபிளும் தோட்டாவும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன?

கடலோடி:
அதைக் களத்திலேயே போய்த் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கான்ஃப்ளிக்ட் ஆர்மமெண்ட் ரிசர்ச் என்ற அமைப்பு ஈராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பிடமிருந்து மீட்ட ஆயுதங்களை, தோட்டாவின் அடிப்பக்க முத்திரை வரைக்கும் பார்த்து, 2017-இல் அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் செய்து அமெரிக்காவுக்கு விற்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஒன்று, சிரியச் சண்டைக்காரர்கள் வழியாக, இரண்டே மாதத்தில் ஈராக்கில் ஐஎஸ் கையில் இருந்திருக்கிறது. வாங்குகிறவர் வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் இறுதிப் பயனர் சான்றிதழ் எவ்வளவு பலவீனமானது என்று ஏவுகணையில் இருந்த அந்த ஒரு வரிசை எண் காட்டிவிட்டது.

நெடுவழி:
அது எனக்குச் சாதகமான உதாரணம்.

கடலோடி:
இருக்கட்டும். அந்த வரிசை எண்ணை இரண்டு பக்கமும் யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் உங்களுக்கு அந்த உதாரணமே கிடைத்தது.

நெடுவழி:
அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் தோட்டாவிலிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தம் தோட்டா ஏற்றுமதிக்கு 6, 7 பிரிவுகளைப் பொருத்துகிறது, ஆனால் வருடாந்திர அறிக்கையில் அதைக் காட்டச் சொல்லவில்லை. துப்பாக்கி நாற்பது வருடம் உழைக்கும், தோட்டா வராவிட்டால் அது சில வாரத்தில் வெறும் இரும்பு. அந்த ஓட்டையை அடைக்க எந்த நாடு முன்வந்தாலும் இந்த இழையில் வந்து சொல்லுங்கள், முதல் ஆளாக ஆதரிக்கிறேன்.