கிளியர்லேக்கில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

ஃப்ரீமாண்ட்வாசி:
வணக்கம். பத்து வருடமாகக் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம், இங்கே சொந்த வீடு நமக்குக் கட்டுப்படியாகாது. போன மாதம் குடும்பத்தோடு லேக் கவுண்டி போய் கிளியர் லேக் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கினோம். வீட்டு விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது, அவ்வளவு குறைவு. கிளியர்லேக் ஊருக்குள் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஏரிக்கு நடந்தே போய்விடலாம். மீன் பிடிக்க, படகு ஓட்ட வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதா, இல்லை உள்ளூர்க் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதா? உள்ளூர்க்காரர்கள் ஏழைகள், வாடகை ஒழுங்காக வராது என்கிறார் ஏஜெண்ட். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
2014இல் அங்கே ஒரு வீடு வாங்கினேன், மூன்று வருடம் கழித்து இன்னொன்று. இரண்டுமே மாத வாடகைதான். ஏஜெண்ட் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் முதல் குடித்தனக்காரர் எழுபதைத் தாண்டியவர், தனியாள். 1ஆம் தேதி வாடகை வரவே வராது, இருபதாம் தேதி வாக்கில்தான் வரும், நானும் மாதாமாதம் தாமதக் கட்டணம் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு மாதம் கழித்து நேரில் போனபோது சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது புதன்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 11 முதல் 20ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியப் பணம் அன்றைக்குத்தான் வரும், அவருக்கு வேறு வருமானம் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து ஒப்பந்தத்தில் தேதியை மாற்றி எழுதினோம், வாங்கிய தாமதக் கட்டணத்தை அடுத்த வாடகையில் கழித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எட்டு வருடம் இருந்தார், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அந்த ஆறு மாதமும் கேட்காமல் இருந்தது என் தப்புதான்.

அங்கே பலருக்கு வருமானம் இப்படித்தான்: ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவித்தொகை, முதியோரை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை, கேசினோ, திராட்சைத் தோட்டம், கெல்சிவில் பக்கம் பேரிக்காய்த் தோப்பு. கோடையில் ஓடும் வேலை குளிர்காலத்தில் இல்லை, அதனால் நவம்பருக்கு மேல் கை இறுகும். அரசு வாடகை வவுச்சரோடு வருகிறவர்களை அதற்காகவே மறுப்பது 2020 முதல் கலிபோர்னியாவில் சட்டவிரோதம். அது இல்லாவிட்டாலும் நான் மறுக்க மாட்டேன், பெரும்பகுதி வாடகை அரசிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வந்துவிடும். வீட்டை வந்து சோதிப்பார்கள், அதுவும் நல்லதுதான். அட்வான்ஸ் விஷயத்தில், 2024 ஜூலை முதல் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, உங்களைப் போன்ற சின்ன வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் வரை அனுமதி உண்டு. நான் ஒரு மாதம்தான் வாங்குகிறேன். இரண்டு மாதத்துக்கான பணத்தை மொத்தமாகப் புரட்டக்கூடிய குடும்பம் அந்த ஊரில் குறைவு.

வாடகையைவிட முதலில் இன்சூரன்ஸைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் வேலி ஃபயர் என்ற காட்டுத்தீ இரண்டாயிரம் கட்டடம் வரை எரித்துவிட்டது, அடுத்த வருடமே லோயர் லேக்கில் கிளேட்டன் ஃபயர், 2018இல் மெண்டோசினோ காம்ப்ளெக்ஸ். என் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஒரு நாள் கடிதம் வந்தது. இப்போது ஃபேர் பிளான் எடுத்திருக்கிறேன், மற்ற கம்பெனிகள் கைவிட்ட வீடுகளுக்குக் கலிபோர்னியாவில் கடைசி வழி அதுதான். அது முக்கியமாகத் தீ விபத்துக்குத்தான், தண்ணீர்க் கசிவுக்கும் யாராவது விழுந்து அடிபட்டால் கொடுக்க வேண்டியதற்கும் தனியாக இன்னொரு பாலிசி போட வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

படகுக்காரன்:
நான் லூசர்னில் மூன்று கோடை நாள் வாடகைக்கு விட்டுப் பார்த்தேன். பாஸ் மீன் பிடிக்க வசந்த காலத்தில் கூட்டம் வரும், அப்போது நன்றாகப் போகும். ஜூலை, ஆகஸ்டில்தான் சிக்கல். ஏரி ஆழமில்லாதது, வெயிலில் சூடாகி நீலப்பச்சைப் பாசி பெருகும், சில வருடம் கரையோரம் பச்சைப் பெயிண்ட் கொட்டிய மாதிரி இருக்கும், நாற்றம் வீட்டுக்குள் வரும். குழந்தைகளையும் நாயையும் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று கரையில் அறிவிப்பு வைப்பார்கள். அந்த வாரம் பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்வார்கள், ஆனால் வீட்டுக் கடன் தவணை நிற்காது. வெளியூர்ப் படகில் மஸ்ஸல் சிப்பி ஒட்டி வரவில்லை என்று சோதனை முடித்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் ஏரியில் இறக்க முடியும், அது தெரியாமல் வந்துவிட்டு என்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு படுக்கையறைக்கென்று போட்ட செப்டிக் டேங்க், ஒன்பது பேர் தங்கிய ஒரு ஜூலை நான்கு விடுமுறையில் நிரம்பிப் பின்புறம் பொங்கிவிட்டது. தங்கும் வரியும் தனியாகக் கட்டணும். கிளியர்லேக், லேக்போர்ட் இரண்டுக்கும் அந்தந்த நகராட்சி விதி, மற்ற ஊர்களுக்கெல்லாம் கவுண்டி விதி. வாங்குவதற்கு முன்பே அந்த ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

மாலதி_லேக்போர்ட்:
நான் அங்கே குடித்தனம் இருப்பவள், மருத்துவமனை வேலை. முன்பு இருந்த வீட்டை உரிமையாளர் நாள் வாடகைக்கு மாற்றப் போகிறேன் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். பள்ளிக்கூடம் நடுவில், இரண்டு பிள்ளைகளோடு, நான்கு மாதம் அலைந்தோம். தீயில் அத்தனை வீடு போன கவுண்டியில் நல்ல வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. அண்ணா, முடிந்தால் குடும்பத்துக்கே விடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது மூன்று மணி நேர தூரத்தில். இப்போதைய வீட்டில் ஒரு ஜனவரி மாதம் ஹீட்டர் நின்றுபோய் ஒன்பது நாள் ஆயிற்று, உரிமையாளர் சான் ஹோசேயில் இருந்துகொண்டு போனிலேயே ஆள் தேடினார். பிள்ளைகளைக் கோட்டோடு தூங்க வைத்தேன். வீடு வாங்கும் முன்பே ஒரு பிளம்பர், ஒரு ஹீட்டர் மெக்கானிக், கூப்பிட்டால் வருகிறவர்களாக, உள்ளூரில் பேசி வையுங்கள்.

ஃப்ரீமாண்ட்வாசி:
மூவருக்கும் நன்றி. மாலதி, நீங்கள் எழுதியதை மனைவியிடமும் படித்துக் காட்டினேன், நாள் வாடகை யோசனையை விட்டுவிட்டோம். இன்சூரன்ஸுக்குக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டை மறுபடி பார்க்கப் போகிறேன், வேறு என்ன பார்க்கணும்?

ஏரிக்கரை:
செப்டிக்கா, நகராட்சிச் சாக்கடையா என்று கேளுங்கள். செப்டிக் என்றால் மூடி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது கழிவை எடுத்தார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். குடிதண்ணீர் எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள், ஏரியிலிருந்து நேராகக் குழாய் போட்டு எடுக்கிற வீடு என்றால் வேண்டாம், 2021இல் அப்படிப்பட்ட வீடுகளில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் காய்ந்த புல், கூரைமேல் சாய்ந்த மரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.