கேன்டர்பரி–சில்லம் ஆப்பிள் தோப்பு நடை: வயதானவர்களோடு போகலாமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். லண்டனில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று, இனி எங்கேயாவது மரம் மட்டை இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போ என்கிறார் மாமனார். செப்டம்பர் கடைசி, லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் ஆப்பிள் பறிக்கிற நேரம். சில்லம் ஸ்டேஷனில் இறங்கி நார்த் டவுன்ஸ் வே பாதையில் தோப்பும் காடுமாகக் கேன்டர்பரி வரை நடக்கலாம் என்று யோசனை. இரண்டு பேருக்கும் எழுபதுக்குப் பக்கம், ஆனால் தினமும் நடக்கிறவர்கள். வழியில் பப்பில் சாப்பிடலாம் என்றேன், "சாராயக் கடையிலா சோறு?" என்று மாமியார் முறைக்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்ரோடு:
திருப்பிப் போட்டு நடங்கள். சில்லத்தில் தொடங்கினால் பப் காலை பத்து மணிக்கே வந்துவிடும், என்ன பிரயோஜனம்? ஸ்ட்ராட்ஃபர்ட் இன்டர்நேஷனலில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேன்டர்பரி வெஸ்ட். அங்கிருந்து ஹார்பிள்டவுன் வழியாக மேற்கே நடந்தால் சில்லம் சுமார் 11 கிலோமீட்டர். தேசிய நடைபாதை என்பதால் ஏகோர்ன் (ஓக் மரத்துக் காய்) படம் போட்ட கம்பங்கள் வழிகாட்டும். சில்லம் சதுக்கத்தில், தேவாலயத்தை ஒட்டி ஒயிட் ஹார்ஸ் பப், அங்கே போய் உட்காருங்கள்.

வழியில் பிக்பரி காடு வரும். அது இரும்புக் கால மண்கோட்டை, கி.மு. 54இல் சீசர் படை தாக்கிய கோட்டை இதுவாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கணிப்பு. கோட்டை என்றதும் மாமனார் மதிலைத் தேடப்போகிறார், முன்பே சொல்லிவையுங்கள், மேடும் பள்ளமும் மரமும்தான். அதை அடுத்து நோ மேன்ஸ் ஆர்ச்சர்ட். இரண்டு பாரிஷ்களின் (நம்மூர் ஊராட்சி மாதிரி) எல்லையில் கிடக்கிற தோப்பு என்பதால் இந்தப் பெயர். 1947இல் நட்ட பிராம்லி ரக ஆப்பிள் மரங்கள், கிளை விரித்து நிழல் தருகிற நிஜ மரங்கள். அதைப் பார்த்த கண்ணோடு ஓல்ட் வைவ்ஸ் லீஸ் கிராமத்துப் பக்கத்துத் தோப்புகளுக்குள் நுழைந்தால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அங்கே எல்லாம் குட்டை ரகம், கம்பியில் கட்டிய திராட்சைக் கொடி மாதிரி வரிசை வரிசையாக. ஏணி இல்லாமல் பறிக்க வசதி. மரத்தைக் குட்டையாக்குகிற எம்9 வேர்ச்செடியை (ஒட்டுப்போடும்போது அடியில் இருக்கிற செடி) வகைப்படுத்தியதே இதே கென்டில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம்தான்.

ரப்பர்பூட்ஸ்:
மேலே சொன்னவர் தனியாக நடக்கிற ஆள் போலிருக்கிறது! எழுபது வயதில் 11 கிலோமீட்டர், அதுவும் மழை பெய்தால் சேறு, ஏற்ற இறக்கம் வேறு. சில்லத்தில் இறங்கி, ஊருக்குள் போய், ஓல்ட் வைவ்ஸ் லீஸ் தோப்புகள் வரை நடந்து அதே வழியில் திரும்பி வாருங்கள். தோப்பும் கிடைக்கும், பப்பும் கிடைக்கும், முட்டியும் மிஞ்சும். மாமியாருக்குச் செருப்பு வேண்டாம், ஷூ.

பப் பற்றி: குழந்தைகுட்டியோடு வந்து சாப்பிடுகிற இடம் அது, டாஸ்மாக் இல்லை என்று சொல்லுங்கள். எலுமிச்சை சோடாவோ காபியோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மேஜைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள், கவுன்டரில் போய்ச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். முக்கியமான விஷயம், கிராமத்துப் பப்களில் பல, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சமையலறையை மூடிவிட்டு மாலையில்தான் திறக்கும். வேறொரு ஊரில் மூன்று மணிக்குப் போய்ச் சிப்ஸ் பாக்கெட்டோடு மூன்று பேர் பசியாறினோம். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
சரி, ஒன்றே ஒன்று. போகிற வழியில் ஒரு ஆப்பிள் பறித்தால் தப்பா? மாமனார் கை சும்மா இருக்காது.

மண்ரோடு:
தப்புதான். நடக்கிற உரிமை பாதைக்கு மட்டும், காய் விவசாயிக்குச் சொந்தம். பிராம்லியைக் கடித்தால் மாமனாரே துப்பிவிடுவார், அது சமையல் ஆப்பிள், நம்மூர்க் கிளிமூக்கு மாங்காய்ப் புளிப்பு. கடையில் இரண்டு வாங்கி உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ரப்பர்பூட்ஸ் சொன்ன குட்டை வழிதான் என்று முடிவாயிற்று. மாமனார் கோட்டையைப் பார்த்தே தீருவேன் என்கிறார், அதற்குத் தனியாக இன்னொரு சனிக்கிழமை. மிளகாய்த்தூள் பொட்டலம் மாமியார் பையில் ஏறிவிட்டது.