9.3×62 என்ன, வசதியில்லாதவனின் .375-ஆ?

தோட்டாப்பெட்டி:

போன வாரம் மௌசர் 98 ரைபிள் பற்றிய பேச்சில் நீலமலை போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: "9.3×62 என்பது .375 வாங்க வசதியில்லாதவன் வாங்கியது." நாலு நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் தனி இழையாகவே தொடங்கிவிட்டேன். இரண்டும் 'மீடியம் போர்' எனப்படும் வேட்டை ரைபிள் தோட்டாக்கள்; 9.3 மி.மீ., .375 அங்குலம் என்பது குண்டின் விட்டம்.

முதலில் வருடத்தைப் பாருங்கள். பெர்லினில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஓட்டோ பொக் 9.3×62-ஐக் கொண்டுவந்தது 1905-இல். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .375 மேக்னத்தை வெளியிட்டது 1912-இல். ஏழு வருடம் முன்னால் பிறந்தது பின்னால் வந்ததன் மலிவுப் பதிப்பாக எப்படி ஆகும்?

அன்று தென்மேற்கு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஜெர்மானியர்கள் பண்ணை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயரின் இரட்டைக்குழல் ரைபிள் அவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. கைக்கு எட்டியது மௌசர் 98 தான். அதன் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) 8×57 ராணுவத் தோட்டாவுக்காகச் செய்தது. அந்தத் தோட்டாவின் மொத்த நீளம் 82 மி.மீ. பொக்கின் தோட்டா 83.6 மி.மீ. அதே மேகசினில் ஐந்து தோட்டா அடங்கும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அதே போல்ட் போதும், குழல்தான் வேறு. அதிலிருந்து 286 கிரெயின் (சுமார் 18.5 கிராம்) குண்டு வினாடிக்கு சுமார் 720 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இருக்கிற துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைச் செய்தவர் பொக். ஹாலண்டோ தோட்டாவை முதலில் செய்துவிட்டார்கள். அதற்கேற்ற நீளமான துப்பாக்கியை வாங்குகிறவன் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

நீலமலை:

'வசதியில்லாதவன்' என்று எழுதியது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் .375 மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

300 கிரெயின் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர். கணக்குப் போட்டால் 5,760 ஜூல் ஆற்றல் வருகிறது. உங்கள் 9.3 தருவது 4,800. கிட்டத்தட்ட ஆயிரம் ஜூல் வித்தியாசம்; கேப் எருமை முன்னால் நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது வெயில். அந்தக் காலத்து ஆங்கிலேயத் தோட்டாக்களில் இருந்தது கார்டைட் மருந்து. சூடு ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா இந்தியக் கோடையில் துப்பாக்கியின் தோட்டா அறையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். ஹாலண்ட் இதை யோசித்துத்தான் .375-இன் பித்தளைக் கூட்டை அடியிலிருந்து நுனிவரை நன்றாகச் சரிய விட்டார்கள், கூடு கழுத்தாகக் குறுகுகிற தோளையும் மழுக்கினார்கள். அழுகின தக்காளித் தோல் மாதிரி உரிந்துகொண்டு வரும். காயம்பட்ட மிருகம் திரும்பி வருகிற நேரத்தில் இரண்டாவது தோட்டா உள்ளே போக வேண்டுமே, அதற்கான வடிவம் அது.

கூடவே 235, 270, 300 என்று மூன்று எடையில் குண்டு கிடைக்கும். நல்ல .375 ரைபிளில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் விழும் என்பது பழைய வேட்டைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். காலையில் மானுக்கு 270, மாலையில் எருமைக்கு 300, குறிமுள்ளைத் தொட வேண்டாம்.

புதுக்குறி:

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். 'மீடியம் போர்' என்று எதைச் சொல்கிறீர்கள்? .30-06 அதில் வருமா?

தோட்டாப்பெட்டி:

வராது தம்பி. கறாரான கோடு ஒன்றும் கிடையாது. பொதுவாகக் குண்டின் விட்டம் .33 அங்குலத்திலிருந்து .40 வரை இருந்தால் அப்படிச் சொல்வார்கள். .338 வின்செஸ்டர், .35 வீலன், 9.3, .375 எல்லாம் இதில் அடங்கும். கீழே .30-06, 7×57 போன்றவை மானுக்கு. மேலே .450, .470 போன்றவை யானைக்கு. இரண்டு பக்கமும் கை நீட்ட வேண்டிய நடுப்பிள்ளை இது. அதனால்தான் இவ்வளவு சண்டை.

நீலமலைக்கு: ஜூல் கணக்கு சரி. ஆனால் உடலுக்குள் குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஜூல் மட்டும் சொல்லாது. குண்டின் எடைக்கும் அதன் குறுக்கு விட்டத்தின் வர்க்கத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 9.3-இன் 286 கிரெயின் குண்டுக்கு .305. .375-இன் 300 கிரெயின் குண்டுக்கும் .305. துளி வித்தியாசம் இல்லை. ஒரே மாதிரி குண்டு, வேகத்தில் 50 மீட்டர்தான் குறைவு. எருமையின் தோள் எலும்புக்கு அந்த 50 மீட்டர் தெரியுமா?

கார்டைட் கதையும் இன்றைக்குப் பொருந்தாது. மருந்து மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றைய ஐரோப்பியத் தரப்படி 9.3×62-இன் உச்ச அழுத்தம் 3,900 பார், .375-இன் உச்சம் 4,300 பார். இப்போது குறைந்த அழுத்தத்தில் நிதானமாக வேலை செய்வது எது?

பழைய இரும்பு:

இரண்டு பேரும் தோட்டாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சென்னையில் 34 வருடம் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவன். துப்பாக்கிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

.375-இன் மொத்த நீளம் 91.4 மி.மீ. சாதாரண மௌசர் 98-இன் ரிசீவரில், அதாவது போல்ட் ஓடுகிற எஃகு உடலில், அது உட்காராது. முறையாகச் செய்ய வேண்டுமென்றால் மேக்னம் நீள மௌசர் வேண்டும். அது அப்போதே விலை அதிகம். 1937-இல் வின்செஸ்டர் 70 இந்தத் தோட்டாவுக்கு வந்த பிறகுதான் ஓரளவு கைக்கு எட்டியது. அதற்கு முன்னும் பின்னும் பல பட்டறைகள் குறுக்கு வழியில் போயின. சாதாரண ரிசீவரை எடுத்து, மேகசினின் முன்சுவரை அரைத்து, அதற்கு மேலே தோட்டா ஏறும் சரிவையும் முன்னுக்குத் தள்ளி அரைத்து இடம் உண்டாக்குவார்கள். போல்டைப் பூட்டுகிற பற்களில் கீழ்ப்பல் போய் அழுந்துகிற எஃகு அந்தச் சரிவுக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. சுடும்போது வரும் உதையை வாங்குகிற இடம்.

அப்படி அரைத்த ஒன்று 1990 வாக்கில் என் மேசைக்கு வந்தது. ஒரு எஸ்டேட் குடும்பத்தின் பரம்பரைத் துப்பாக்கி. போல்ட் தூக்க வரவில்லை என்றார்கள். காலியாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி தூக்கும்; சுட்டதும் உள்ளங்கையால் அடித்துத்தான் மேலே கொண்டுவர வேண்டும். கூடவே கொடுத்த காலித் தோட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தேன். அடியைச் சுற்றி இருக்கிற தடித்த பட்டைக்கு, அதாவது பெல்ட்டுக்கு, சற்று மேலே, பித்தளையில் மெல்லிய வளையம் ஒன்று பளபளவென்று ஓடியது. குடைக்கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு மெல்ல இழுத்தேன். அதே உயரத்தில் கம்பி 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் மாட்டியது. அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ அந்தக் கூடு அங்கேயே இரண்டாகக் கழன்றிருக்கும். போல்டைக் கழற்றி ரிசீவருக்குள் விளக்கடித்தால், கீழ்ப்பல் அமரும் முகத்தில் பல்லின் அச்சு குழியாகப் பதிந்திருந்தது. யார் அரைத்தார்களோ, எஃகைக் காகிதம் மாதிரி நினைத்துவிட்டார்கள். இனி சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

9.3-க்கு மாற்றிய மௌசர்களும் சில பார்த்திருக்கிறேன். அவற்றில் யாரும் எதையும் அரைக்க வேண்டியிருக்கவில்லை.

நீலமலை:

ஐயா, நீங்கள் சொன்னது பட்டறைக்காரன் செய்த பிழை. .375-இன் பிழை என்று எப்படி எடுத்துக்கொள்வது? நீளத்துக்கேற்ற ரிசீவரில் செய்த .375 நூறு வருடமாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த பெல்ட்டே பலத்துக்காகத்தானே வைத்தார்கள்?

பழைய இரும்பு:

பிழை பட்டறையுடையதுதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் பெல்ட் பலத்துக்காக வைத்தது இல்லை. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்த வேண்டும். இரட்டைக்குழல் தோட்டாவில் அடிவிளிம்பு அதைச் செய்யும். 9.3-இல் தோள் செய்யும். .375-இன் தோள் நீங்கள் சொன்ன மாதிரி மழுங்கிய சரிவு, அதை நம்பி நிறுத்த முடியாது. அதனால் அடியில் ஒரு வளையம் வைத்தார்கள். அது முன்னால் போய் முட்டுகிற படிக்கல், அவ்வளவுதான். கூடு அந்தப் படிக்கல்லில் நின்றுவிடுவதால், அறை கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டிருந்தாலும் சுடும்போது பெல்ட்டுக்கு மேலே இருக்கிற பித்தளைதான் இழுபடும். நான் சொன்ன பளபளப்பு வளையம் அந்த இடத்தில் வந்ததற்குக் காரணம் அது.

சுமெப்காரன்:

நமீபியாவில் சுமெப் பக்கம் ஒரு சுரங்கத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இரண்டையும் தோளில் வைத்துச் சுட்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பால் கொடுத்த பண்ணைக்காரரிடம் தாத்தா காலத்து 9.3×62 மௌசர் இருந்தது. நடக்கும்போது எப்போதும் மேகசினுக்குக் கீழே உள்ளங்கை கொடுத்துத் தூக்குவார்கள் அல்லவா, அந்த இடத்தில் மூன்று தலைமுறைக் கைபட்டுக் கறுப்பு முழுதும் போய் வெள்ளி மாதிரி தேய்ந்திருந்தது. தோட்டாக்கள் சமையலறையில் காப்பித்தூள் டின்னில் கிடக்கும். ஒரு ஜூன் மாதக் காலையில் எண்பது தொண்ணூறு மீட்டர் தூரத்தில் ஈலாண்ட் மான் கடா ஒன்றை அதில் அடித்தார். மான் என்று பேர்தான், நல்ல காளைமாட்டை விடப் பெரிசு. அறுபது அடி நடந்து முழங்கால் மடிந்தது. தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஏதோ உருண்டது. கத்தி நுனியால் கீறி எடுத்தோம். முன்பக்கம் காளான் மாதிரி விரிந்த குண்டு. தோள் எலும்பைத் தாண்டி மறுபக்கம்வரை வந்திருந்தது. தோட்டாப்பெட்டி சொல்கிற .305 அதுதான்.

உதையில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். 9.3 தோளைத் தள்ளும். .375 தோளோடு சேர்த்து நம்மையே ஒரு அடி நகர்த்தும். ஐந்து தோட்டாவுக்கு மேல் மேசையில் உட்கார்ந்து சுட முடியவில்லை. ஆறாவதில் விசையை இழுப்பதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது. கண் மூடிக்கொண்டு சுட்ட குண்டு எங்கே போகும்?

ஆனால் நீலமலைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே பண்ணைக்காரர் வடக்கே எருமைக்குப் போகும்போது 9.3-ஐ வீட்டில் வைத்துவிட்டு .375-ஐத்தான் எடுத்துப்போவார். எருமைக்குக் குறைந்தது 5,400 ஜூல் என்பது அங்கே விதி.

நீலமலை:

நான் சொல்ல வந்ததே இதுதான். விதி எழுதுகிறவர்கள் சும்மா எழுதவில்லை. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் ஆபத்தான மிருகங்களுக்கு .375-ஐத்தான் கீழ்வரம்பாக வைத்திருக்கின்றன.

இன்னொன்று, தோட்டா கிடைக்க வேண்டும். 1960-களில் இங்கிலாந்தில் கைனோக் நிறுவனம் பெரிய வேட்டைத் தோட்டாக்களைக் கைவிட்டபோது எத்தனையோ அருமையான துப்பாக்கிகள் பட்டினி கிடந்தன. .375 தப்பித்தது, ஏனென்றால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதை விடாமல் செய்துகொண்டிருந்தன.

தோட்டாப்பெட்டி:

9.3-உம் பட்டினி கிடக்கவில்லையே. ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்கும் ஸ்வீடனில் மூஸ் மானுக்கும் இன்றும் அதை வைத்துச் சுடுகிறார்கள், நார்மாவும் ஆர்.டபிள்யூ.எஸ்-உம் தோட்டா செய்கின்றன. உலகப்போரில் காலனிகள் கைமாறிய பிறகும் பண்ணைகளில் அந்த மௌசர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எருமை விதியை மட்டும் ஏற்கிறேன். விதி விதிதான். ஆனால் வருடத்தில் ஒரு எருமை, முந்நூறு நாள் மான் என்று இருக்கிறவனுக்கு எந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அஞ்செட்டிக்காரன்:

எங்கள் பக்கத்தை விட்டுவிட்டீர்களே. அஞ்செட்டி, ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லி வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் தூக்கித் திரிந்ததும் மீடியம் போர்தான்: .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் துப்பாக்கி. அதே மாடலைத்தான் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனார். ஆட்கொல்லிப் புலியை இருட்டில் இருபது அடியில் பார்க்கிறவனுக்கு .305 கணக்கெல்லாம் எதற்கு? லீவரை இழுத்தால் அடுத்த தோட்டா தயார்.

தோட்டாப்பெட்டி:

புலிக்கு அது போதும், சந்தேகமில்லை. மெல்லிய தோல், கிட்டத்துச் சுடுதல். ஆனால் அதே விகிதம் .405-க்கு .254 தான் வரும். 300 கிரெயின் குண்டுதான், ஆனால் அகலமானது, குட்டையானது, வேகமும் 670 மீட்டர். காட்டுமாட்டின் தோளில் அடித்தால் முன்னால் சொன்ன இரண்டையும் போல ஆழம் போகாது. ஒரே எடை, வேறு விட்டம், எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

புதுக்குறி:

இதெல்லாம் இப்போது இங்கே சுட முடியாதுதானே?

அஞ்செட்டிக்காரன்:

1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோன விஷயம் தம்பி. முடிந்ததும் நல்லதுதான். அந்தக் காட்டில் இப்போது யானைத்தடம் பார்க்கப் போகிறேன், கையில் ஊன்றுகோல் மட்டும்.

நீலமலை:

சரி, தோட்டாப்பெட்டி. மானுக்கும் பண்ணைக்கும் 9.3, அதில் இனி நான் வாதாட மாட்டேன். பழைய வரியையும் போய்த் திருத்திவிட்டேன். எருமைக்கு .375 என்பதில் மட்டும் அசைய மாட்டேன்.

பழைய இரும்பு ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த எஸ்டேட் துப்பாக்கியில் .375 குழலைக் கழற்றிவிட்டு 9.3 குழல் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா?

பழைய இரும்பு:

அவர்களும் அதையேதான் கேட்டார்கள். முடியாது. அரைத்துப்போட்ட எஃகு திரும்ப வராது. பல் பதிந்த குழி எந்தக் குழல் போட்டாலும் அங்கேயேதான் இருக்கும். முதலிலேயே 9.3 என்று முடிவு செய்திருந்தால் அந்த ரிசீவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், இன்றைக்கும் சுட்டுக்கொண்டிருக்கும். நான் தோட்டாவை வெடிக்க வைக்கிற அதன் ஊசியையும் ஸ்பிரிங்கையும் கழற்றி ஒரு தைல டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். துப்பாக்கி அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. டப்பா பெரியவரின் பீரோவில்.