முகம் தெரியாத பெரியம்மாவும் ஒரு படமும்

எனக்கு ஊர் குலசேகரம். மில்லா ஜோவோவிச் நடித்து 2011இல் வந்த 'ஃபேசஸ் இன் தி கிரவுட்' படத்தை நான் தேடிப்பிடித்துப் பார்த்ததே பெரியம்மாவுக்காகத்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. கை கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. முகங்கள்தான் போய்விட்டன. கண், மூக்கு, மீசை எல்லாம் தெரியும். அது யாருடைய முகம் என்பது மட்டும் பிடிபடாது. மூளையின் பின்பக்கம், அடியில், பெரும்பாலும் வலப்புறம் பாதித்தால் இப்படி ஆகும் என்றார் டாக்டர். புரோசோபக்னோசியா என்று எழுதிக் கொடுத்தார்.

படத்தின் கதையைக் கேட்டாலே பதறும். கொலையை நேரில் பார்த்த ஓர் ஆசிரியை, தப்பிக்கும்போது பாலத்திலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார். கண் விழித்தால் ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. கொலைகாரனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. இதைவிட நல்ல முடிச்சு கிடைக்குமா?

காதலனை அவர் பார்க்கும்போதெல்லாம் வேறு முகம். ஒரே பாத்திரத்துக்குப் பல நடிகர்கள். முதல் இரண்டு முறை திடுக்கிட்டேன். அப்புறம் அது வெறும் வித்தையாகிவிட்டது. பெரியம்மாவுக்கு முகம் மாறுவதில்லை, மனதில் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். போகப் போகப் படம் போலீஸ்காரரோடு காதல், துரத்தல் என்று பழகிய தடத்தில் ஓடிவிட்டது. அந்தப் பெண் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று நின்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

பெரியம்மா தன் மகனைக் கண்டுபிடிப்பது ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்) வாடையில். அண்ணன் ரப்பர் வெட்டப் போகிறவன். குளித்தாலும் அந்த வாடை சட்டையை விடாது. போன மழைக்காலத்தில் வெட்டு நின்றிருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, புதுச் சட்டையும் மழித்த மீசையுமாக வந்து நடையில் நின்றான். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாரு மக்களே? அவன் வீட்ல இல்லியே" என்றார். அவன் "அம்மா" என்றான். அப்போது அவர் முகம் போன போக்கை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தங்கை எழுதியது

அண்ணா, எனக்கு இது பிறவியிலேயே உண்டு. அடிபடாமலும் இப்படி இருக்கும் என்பது காலேஜ் முடித்த பிறகுதான் தெரிந்தது. துணிக்கடையில் வேலை. காலையில் சேலை எடுத்தவர் சாயங்காலம் மாற்ற வந்தால், "என்ன பாக்கணும் அக்கா?" என்று புதிதாக ஆரம்பிப்பேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வந்துவிட்டது. நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் பயமெல்லாம் கொலைகாரனை நினைத்துத்தான். எனக்கோ எதிரே சிரித்துக்கொண்டு வரும் தெரிந்தவர்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

பெரியம்மா தலைப்பை இழுத்துவிட்டதைப் படித்ததும் அழுதுவிட்டேன். அண்ணனை நடை ஏறும்போதே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் அக்கா பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் பத்தடி தூரத்திலேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருவாள்.