படைப்பு நடனம்: அசைவுக் கருத்துகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
8, 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை படைப்பு நடன வகுப்பு (பிள்ளைகளே அசைவுகளை உருவாக்குவது), 40 நிமிடம். உடல், வெளி (ஆடும் இடம்), நேரம், விசை என்ற அசைவுக் கூறுகளின் பட்டியல் எனக்குத் தெரியும். ஆனால் "மெதுவா" என்றால் பிள்ளைகள் துவண்டு போகிறார்கள், "வேகமா" என்றால் மோதிக்கொள்கிறார்கள். "பட்டாம்பூச்சி ஆகுங்க" என்றால் எல்லோரும் ஒரே மாதிரி கையை அடிக்கிறார்கள். எதை முதலில் கற்பது?

பதில் 1
துவள்வதற்குக் காரணம், நேரமும் விசையும் அவர்களுக்கு இன்னும் பிரியவில்லை. மெதுவென்றால் மென்மை, வேகமென்றால் பலம் என்றே உடல் எடுத்துக்கொள்கிறது. இதைப் பிரிக்க, அசைவை ஆராய்ந்த நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபானின் பகுப்பு மிகவும் உதவும். எடை (நீங்கள் சொன்ன விசைதான்: பலம், மென்மை), நேரம் (திடீர், நீடிப்பு), வெளி (நேராக, வளைந்து நெளிந்து) மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 8 செயல்கள் கிடைக்கும்: குத்துதல், அழுத்துதல், வீசியடித்தல், முறுக்குதல், ஒற்றுதல், வழுக்கிச் செல்லுதல், சுண்டுதல், மிதத்தல்.

எட்டையும் வகுப்பில் ஒப்பிக்க வேண்டாம். முதலில் உங்கள் உடலில் பழகுங்கள். அழுத்துதல் என்பது பலம், நீடிப்பு, நேர். அதில் நேரத்தை மட்டும் மாற்றினால் குத்து. எடையை மட்டும் மாற்றினால் வழுக்கல். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் பயிற்சியே.

பிள்ளைகளுக்கு "மெதுவாக, ஆனால் பலமாக" என்ற ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும். நகராத சுவரைத் தள்ளச் சொல்லுங்கள்: முழங்கால் மடங்கும், வயிறு இறுகும். பிறகு சுவரை விட்டு விலகி, அதே இறுக்கத்தோடு வெறும் காற்றைத் தள்ளட்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம். தாளம் கேட்டால் கால் அதன் வேகத்துக்குப் போய்விடும்.

பதில் 2
மோதல் வெளி சார்ந்த சிக்கல். ஓட விடுமுன் நிற்கப் பழக்குங்கள்: மேளத்தில் ஓங்கி ஒரு தட்டு, அப்படியே உறைய வேண்டும். பிறகு நடை மட்டும், காலியான இடத்தைத் தேடி. சுவரோரமாக எல்லோரும் ஒரே பக்கம் வட்டமடிக்கத் தொடங்குவார்கள். நடுவைக் கடந்து போகச் சொன்னால் அது உடையும். காலுறை வழுக்கும், வெறுங்காலே நல்லது.

பதில் 3
பட்டாம்பூச்சி என்றதும் கற்ற சைகைதான் வரும். விரி, சுருங்கு, மித, சட்டென்று இறங்கு என்று வினையாகக் கொடுங்கள். நிபந்தனையும் வேண்டும்: ஒரு தொடக்க வடிவம், 8 எண்ணிக்கை அசைவு, ஒரு முடிவு வடிவம், நடுவில் ஒருமுறையாவது தரை மட்டத்துக்கு வர வேண்டும். எல்லை வைக்காமல் "இஷ்டம்போல ஆடு" என்றால் பழகிய பாட்டு அசைவுகளுக்கே திரும்புவார்கள். செய்து காட்டத்தான் வேண்டுமென்றால் ஒன்றுக்கொன்று மாறான இரண்டைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் அதுவே நகலாகும்.

கேட்டவர்
நன்றி. 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

பதில் 1
உடலைச் சூடாக்க 5, கருத்தைத் தேடிப் பார்க்க 15, இருவர் இருவராக நடனம் அமைக்க 12, காட்டிப் பேச 8. காட்டும்போது பாதிப் பேர் ஆட, மீதிப் பேருக்கு ஒரு வேலை கொடுங்கள்: "மெதுவாக இருந்தும் பலம் எங்கே தெரிந்தது?" நேரம் போதாவிட்டால் அமைப்பதைக் குறையுங்கள், தேடலில் கை வைக்காதீர்கள்.